சைகோன் சுதந்திர மாளிகை: கூரையில் இரண்டு சிவப்பு வட்டங்கள்

முன்பு சைகோன் என்ற பெயரில் தென் வியட்நாமின் தலைநகரமாக இருந்த ஹோ சி மின் நகரின் மையத்தில் உள்ள சுதந்திர மாளிகையின் மேல்தளத்தில், ஹெலிகாப்டர் இறங்குவதற்கென்று கட்டிய இடத்தில், அமெரிக்கத் தயாரிப்பான யூ.ஹெச்-1 ஹெலிகாப்டர் ஒன்று இன்றும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளித் தரையில் சிவப்பு வண்ணத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். 1975 ஏப்ரல் 8 அன்று குண்டுகள் விழுந்த இடங்கள் அவை. குண்டு வீசியவர் தென் வியட்நாம் விமானப்படையின் சொந்த அதிகாரியான நுயென் தான் ட்ருங். போரில் எதிர்த்தரப்பான கம்யூனிஸ்ட் வட வியட்நாமுக்காக ஆண்டுக்கணக்கில் ரகசியமாகப் பணியாற்றி வந்த அவர், அன்று தம் படையின் எஃப்-5 விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, தம் குடியரசுத் தலைவர் நுயென் வான் தியூ குடியிருந்த கட்டடத்தின் மீதே குண்டு போட்டார். தியூவுக்குக் காயம் ஏற்படவில்லை. ஆனால் அடுத்த பதின்மூன்றாம் நாள் அவர் பதவியில் இல்லை.

இந்த மாளிகைக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். முதல்முறை மற்றச் சுற்றுலாப் பயணிகளைப் போல ஒரு மணி நேரத்தில் அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, பழைய நாற்காலிகளும் தொலைபேசிகளும் நிறைந்த ஒரு அரசுக் கட்டடம் என்ற எண்ணத்தோடு வெளியே வந்தேன். இரண்டாம் முறை, தியூ என்ற மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்துவிட்டுச் சென்றபோது, அதே அறைகள் வேறாகத் தெரிந்தன. இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது அந்த இரண்டாம் வருகைதான். வியட்நாம் செல்லும் தமிழ்ப் பயணிகளில் பலர் இந்த இடத்தைப் பட்டியலில் கடைசியாக வைத்துவிட்டு, நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். முதலிடத்தில் வைக்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து.

முதலில் நடைமுறைச் செய்திகள். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், பிற்பகல் 3.30 மணியோடு நுழைவுச்சீட்டு விற்பனை முடிகிறது. நான் சென்றபோது மாளிகைக்கு மட்டும் 40,000 டாங், வளாகத்தில் உள்ள கண்காட்சிக் கட்டடத்தையும் சேர்த்தால் 65,000 டாங் கட்டணம்; நம் கணக்கில் 200 ரூபாய்க்குச் சற்று அதிகம். சீட்டு எடுக்கும்போதே ஆடியோ வழிகாட்டிக் கருவியையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அறை வாசல்களில் உள்ள பலகைகள் அறையின் பெயரையும் பயனையும் சொல்லி நின்றுவிடுகின்றன. மாளிகைக்குள் பெரும்பாலும் குளிர்சாதனம் கிடையாது. ஆனாலும் வெயில் அடிக்கிற ஏப்ரல் மாதத்தில்கூட உள்ளே நடக்க முடிகிறது என்றால், அதற்குக் கட்டடக் கலைஞர் நோ வியெட் தூவுக்கே நன்றி சொல்ல வேண்டும். பிரான்சின் புகழ்பெற்ற கலைப் பரிசான ரோம் பெரும்பரிசை வென்ற முதல் வியட்நாமியர் அவர். முகப்பு முழுவதும் மூங்கில் கணுக்களைப் போன்ற கான்கிரீட் தூண்களை வரிசையாக நிறுத்தித் திரைபோல் அமைத்திருக்கிறார். வெயில் அதில் பட்டுச் சிதறி, காற்று மட்டும் உள்ளே வருகிறது. 12 ஹெக்டேர் தோட்டத்தின் நடுவே 26 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்தக் கட்டடம், வெப்பநாட்டுக்கு நவீனக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சென்னையில் வீடு கட்டுகிறவர்களும் வந்து பார்க்கத் தக்க எடுத்துக்காட்டு.

இந்தக் கட்டடம் எழுந்ததற்கே ஒரு குண்டுவீச்சுதான் காரணம். இதே இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நோரோடோம் மாளிகை இருந்தது. 1962 பிப்ரவரி 27 அன்று தென் வியட்நாம் விமானப்படையைச் சேர்ந்த இரு விமானிகள், அப்போதைய குடியரசுத் தலைவர் நோ தின் தியெமைக் கொல்வதற்காக அதன் மீது குண்டு வீசினார்கள். ஒரு பகுதி முற்றிலும் சிதைந்துபோகவே, பழுது பார்ப்பதைக் கைவிட்டு, முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்ட தியெம் உத்தரவிட்டார். ஆனால் கட்டி முடிந்த மாளிகையில் ஒரு நாள்கூட அவர் குடியிருக்கவில்லை. 1963 நவம்பரில் அவருடைய தளபதிகளே அவரைக் கவிழ்த்து, அவரையும் அவர் தம்பியையும் கவச வண்டிக்குள் வைத்துக் கொன்றார்கள். தியெம் அப்போது தங்கியிருந்த கியா லாங் மாளிகையைத் தாக்கிய படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், ஐந்தாம் டிவிஷனின் தளபதியாக இருந்த கர்னல் தியூ.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முதல் தளத்துக்கு ஏற வேண்டும். குடியரசுத் தலைவர் விருந்தினரை வரவேற்கும் அறையில் அவருக்கென்று டிராகன் செதுக்கிய நாற்காலி தனியே இருக்கிறது. அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த தியூ அரச குடும்பத்தவரோ பெரும் நிலக்கிழாரோ அல்லர். பான் ராங் நகரை ஒட்டிய கடலோர மீனவ கிராமம் ஒன்றில் 1923இல் பிறந்தவர். பான் ராங் என்ற பெயரே, வியட்நாமின் கடலோரத்தில் முற்காலத்தில் இருந்த சம்பா என்ற இந்து அரசின் பாண்டுரங்கம் என்ற தலைநகரின் பெயர் மருவி வந்தது என்பது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். அந்தப் பக்கத்துச் செங்கல் கோயில் கோபுரங்களில் சிவலிங்கங்கள் இன்றும் உண்டு. 1945இல் இளைஞராக, ஹோ சி மின் தலைமையிலான வியட்மின் விடுதலை இயக்கத்தில் சேர்ந்த தியூ, ஓராண்டு அளவில் அதிலிருந்து விலகி, பிரெஞ்சு ஆதரவு பெற்ற படையில் அதிகாரியானார். மெகாங் டெல்டாவில் உள்ள மீ தோ நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தார். 1958இல் தாமும் கத்தோலிக்கரானார். 1963க்குப் பின் அடுத்தடுத்து ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்த காலத்தில், எல்லாத் தளபதிகளும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருக்க, அதிகம் பேசாத இவர் மட்டும் பொறுமையாக ஒவ்வொரு படியாக ஏறினார். 1965 ஜூனில், விமானப்படைத் தளபதி நுயென் காவ் கீ பிரதமராகவும், தியூ அரசின் தலைவராகவும் வந்தார்கள். பளபளப்பும் அதிகாரமும் அப்போது கீயிடமே இருந்தன. இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1967 செப்டம்பர் தேர்தலில் தியூ குடியரசுத் தலைவர் வேட்பாளர். கீ அவருக்குக் கீழே துணைத் தலைவர் வேட்பாளர். பதிவான வாக்குகளில் சுமார் 35 சதவீதம் பெற்று தியூ வென்றார். அந்த ஆண்டு அக்டோபர் முதல் இந்த மாளிகை அவருடைய வீடாயிற்று.

அலுவலக அறையிலும், அதை அடுத்துள்ள வரைபட அறையிலும் அவசரமில்லாமல் நிற்க வேண்டும். கயிறு கட்டியிருப்பதால் உள்ளே போக முடியாது. ஆனால் வாசலிலிருந்தே மேசையும் தொலைபேசிகளும் சுவர் வரைபடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. தியூ எட்டாண்டு ஆண்டதன் ரகசியம் இந்த அறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆட்சிக் கவிழ்ப்பில் பங்கெடுத்து மேலே வந்தவர் என்பதால், அது எப்படி நடக்கும், யார் யார் சேர்ந்தால் நடக்கும், எந்தப் படைப்பிரிவு நகரத்துக்கு அருகில் இருந்தால் நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆகவே போர்த்திறனைவிட விசுவாசத்தைப் பார்த்தே பல தளபதிகளை நியமித்தார். மாகாணத் தலைவர் பதவிகளைத் தம் கையில் வைத்துக்கொண்டார். 1971 தேர்தலில் கீயும், தியெமைக் கவிழ்த்த சதிக்குத் தலைமை வகித்த தூவாங் வான் மின்னும் களத்தில் இல்லாமல் போக, போட்டியே இல்லாமல் 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றதாக அறிவித்துக்கொண்டார். அந்தத் தேர்தலுக்குப் பின் அவருடைய ஆட்சிக்கு இருந்த நியாயத்தின் பெரும்பகுதி போய்விட்டது என்றே சொல்வேன்.

ஆனால் அவரை வெறும் கைப்பாவை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1970 மார்ச் 26 அன்று அவர் கையெழுத்திட்ட 'உழுபவருக்கு நிலம்' சட்டம், மெகாங் டெல்டாவில் குத்தகை விவசாயிகளாகக் கிடந்த ஏராளமான குடும்பங்களுக்கு நிலத்தைச் சொந்தமாக்கிக் கொடுத்தது. குத்தகைதாரர்களின் துயரத்தைத் தஞ்சையிலும் கண்ட நமக்கு, போருக்கு நடுவே நடந்த அந்தச் சீர்திருத்தத்தின் எடை புரியும். அதேபோல, வட வியட்நாம் படைகள் தெற்கிலேயே தங்கிக்கொள்ள இடம் தரும் பாரிஸ் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1972 இறுதியில் அவர் மறுத்தது வீண்பிடிவாதம் அல்ல. உடன்படிக்கையின் அந்த ஓட்டை வழியாகவே தம் நாடு கவிழும் என்று அவர் சொன்னார், அப்படியே நடந்தது. கடைசியில், ஒப்பந்தம் மீறப்பட்டால் அமெரிக்கா முழு வலிமையோடு பதிலடி தரும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் எழுதிக் கொடுத்த கடிதங்களை நம்பி, 1973 ஜனவரியில் இணங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டு 15க்குப் பின் இந்தோசீனாவில் போர் நடவடிக்கைக்குப் பணமில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே நிக்சனும் பதவி விலகினார். தியூவின் கையில் மிஞ்சியவை கடிதங்கள்தாம்.

குடும்பம் வசித்த பகுதியையும், அதன் நடுவில் உள்ள திறந்த முற்றத்தையும், மேலே உள்ள நூலகம், திரையரங்கம், சீட்டாட்ட அறை ஆகியவற்றையும் விரைவாகவே பார்த்துவிடலாம். பரிசாக வந்த யானைக்கால்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு செல்கிறவர்கள் அங்கே நின்றுவிடாமல் நகர்வது நல்லது. தூதர்கள் நியமனக் கடிதம் வழங்கும் அறையில் 40 அரக்குப் பலகைகளைச் சேர்த்துச் செய்த பெரிய ஓவியத்தை மட்டும் தவறவிடக் கூடாது.

நிலவறைதான் இந்த மாளிகையின் உயிர். குறுகிய படிகளில் இறங்கியதும் வெளிச்சமும் காற்றும் மாறிவிடுகின்றன. மேலே மூங்கில் நிழலும் திறந்த வராந்தாக்களுமாக இருந்த கட்டடம், கீழே வெளிறிய சுவர்களும் இரும்புக் கதவுகளும் கொண்ட ஒடுங்கிய நடைபாதையாகிறது. இருபுறமும் சின்னஞ்சிறு அறைகள்: ஒன்றில் வானொலிக் கருவிகள், ஒன்றில் தட்டச்சுப் பொறிகள், ஒன்றில் சுழற்றும் தொலைபேசிகள். போர்க்கட்டளை அறையின் சுவரில் வரைபடங்கள் அப்படியே இருக்கின்றன. தென் வியட்நாமுக்குத் துணையாகப் படை அனுப்பிய நாடுகளின் வீரர் எண்ணிக்கையைக் காட்டும் பலகையும் இருக்கிறது. அதை அடுத்த அறையில் நாட்டின் தலைவருக்கென்று ஓர் ஒற்றைக் கட்டில். மேலே அவ்வளவு பெரிய படுக்கையறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, மருத்துவமனை வார்டில் போடுவதைப் போன்ற அந்தக் கட்டிலைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. என்னோடு வந்த கூட்டத்தில் அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அங்கே கொஞ்ச நேரம் அமைதியாக நின்றார்கள்.

இவ்வளவு காவலுக்குள்ளும் எதிரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தியெமுக்கும் பின்னர் தியூவுக்கும் நம்பிக்கைக்குரிய ஆலோசகராக இருந்த வூ நோக் நியா, வடக்கின் உளவாளி என்று தெரிந்து 1969இல் கைதானார். கூரையில் குண்டு போட்டவரும் தியூவின் சொந்த விமானப்படை அதிகாரிதான். உள்ளிருந்து வரும் ஆபத்தைப் பற்றிய தியூவின் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தால் அவர் எடுத்த முடிவுகள்தாம் நாட்டை விழுங்கின.

1975 மார்ச் 10 அன்று மத்திய மேட்டுநிலத்தில் பான் மெ துவோத் நகரம் தாக்குதலுக்குள்ளாகி, மறுநாளே விழுந்தது. மார்ச் 14 அன்று காம் ரான் நகரில் தளபதிகளைச் சந்தித்த தியூ, பிளெய்க்கூ, கோன் தும் ஆகிய இரு நகரங்களையும் கைவிட்டுப் படைகளைக் கடற்கரைக்குக் கொண்டுவரும்படி உத்தரவிட்டார். முறையான திட்டமில்லை, மக்களுக்கு முன்னறிவிப்பும் இல்லை. பராமரிப்பின்றிக் கிடந்த ஒரு பழைய சாலையில் வீரர்களும், அவர்கள் குடும்பங்களும், தகவல் கசிந்து ஓடிவந்த பொதுமக்களும் ஒன்றாக நெரிந்து, எதிரியின் பீரங்கிகளுக்கு இரையானார்கள். வடக்கு முனையில் ஹூவேயையும் டானாங்கையும் காத்து நின்ற வான்குடைப் படையைத் தலைநகரத்துக்குத் திருப்பி அழைத்துக்கொண்டதும் அதே வாரங்களில்தான். அந்தப் படை போகிறது என்று தெரிந்ததும் வடக்கில் மக்களின் மனம் உடைந்தது. மார்ச் 29இல் டானாங் விழுந்தது. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தால் தம்மைக் காப்பதற்காகவே சிறந்த படையை அருகில் இழுத்துக்கொண்டார் என்று அவருடைய தளபதிகளே சந்தேகித்தார்கள். வரைபட அறையில் நின்று டானாங்குக்கும் சைகோனுக்கும் இடையிலான தொலைவைக் கண்ணால் அளந்து பார்த்தபோதுதான், அந்த ஒரு முடிவின் விலை எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 21 அன்று தியூ தொலைக்காட்சியில் தோன்றி, நீண்ட நேரம் கோபமும் கண்ணீருமாகப் பேசி, அமெரிக்கா வாக்குத் தவறிவிட்டது என்று குற்றஞ்சாட்டிப் பதவி விலகினார். குடியரசுத் தலைவரை இழந்தாலும் படைக்கு ஒரு தளபதி மிஞ்சுவார், நான் உங்களோடு நிற்பேன் என்ற பொருளில் வீரர்களுக்கு உறுதியும் சொன்னார். நான்கு நாள் கழித்து, 25ஆம் தேதி இரவு, அமெரிக்க உளவுத்துறையின் காரில் ரகசியமாக விமான நிலையம் போய்த் தைவானுக்குப் பறந்தார். அந்த வாக்குறுதியைக் கேட்ட படை அதிகாரிகளில் பலர் பின்னர் ஆண்டுக்கணக்கில் புதிய அரசின் சிறை போன்ற மறுகல்வி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். தியூ பற்றி எனக்கு இருக்கும் இரக்கம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 16 டன் தங்கத்தையும் அள்ளிக்கொண்டு போனார் என்று பல ஆண்டுகள் உலகம் நம்பியது மட்டும் தவறு. அந்தத் தங்கம் மத்திய வங்கியிலேயே இருந்து புதிய அரசின் கைக்குப் போனதென்று வியட்நாம் பத்திரிகைகளே பின்னாளில் எழுதின. தைவானிலிருந்து இங்கிலாந்துக்கும், பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கும் குடிபெயர்ந்து, வெளியுலகத்தோடு அதிகம் பேசாமல் வாழ்ந்த அவர், 2001 செப்டம்பர் 29 அன்று பாஸ்டனில் இறந்தார்.

இந்தக் கதையை மாளிகை எவ்வளவு தூரம் சொல்கிறது என்று கேட்டால், என் பதில் பாதி என்பதுதான். அறைகளைப் பாதுகாத்திருக்கும் விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். எதையும் புதுப்பித்துப் பளபளப்பாக்கிக் கெடுக்கவில்லை. திரைச்சீலையிலிருந்து சமையலறையின் பெரிய எஃகுப் பாத்திரங்கள் வரை அந்தக் காலத்து உணர்வைத் தருகின்றன. தோட்டத்தில் உள்ள தனிக் கட்டடத்தில் நோரோடோம் மாளிகையிலிருந்து சுதந்திர மாளிகை வரையிலான வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி மிகச் சிறப்பானது. தியெமின் காலத்தை அவ்வளவு நிதானமாகச் சொல்லும் இடத்தை வியட்நாமில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் அது 1868இல் தொடங்கி 1966இல் முடிந்துவிடுகிறது. இந்த மாளிகையில் மிக நீண்ட காலம் குடியிருந்த மனிதர் உள்ளே நுழைவதற்கு ஓராண்டு முன்பே கதை நின்றுபோகிறது. அவருடைய எட்டாண்டுகளும் நாற்காலிகளாகவும் வரைபடங்களாகவும் மட்டுமே மிஞ்சுகின்றன. வென்றவர்கள் காக்கும் வீட்டில் தோற்றவரின் கதைக்கு இடம் குறைவாக இருப்பது இயல்புதான். இருந்தாலும், 1966க்குப் பிந்திய காலத்துக்கும் அதே நிதானத்தோடு ஒரு கண்காட்சி அமைத்தால் இந்த இடம் ஆசியாவின் தலைசிறந்த வரலாற்று இல்லங்களில் ஒன்றாகிவிடும்.

செல்கிறவர்களுக்கு என் யோசனை இது. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். முதலில் கண்காட்சிக் கட்டடம், பிறகு மாடி அறைகள், அதன்பின் கூரை, கடைசியில் நிலவறை என்ற வரிசையில் பாருங்கள். வெளியே வந்ததும் புல்வெளி ஓரத்தில் நிற்கும் இரண்டு டாங்கிகளைப் பாருங்கள். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தபோது மாளிகையின் வாசல்களில் மோதிய, வட வியட்நாம் படையின் 843, 390 எண் டாங்கிகளின் வகையைச் சேர்ந்தவை அவை. அசல் டாங்கிகள் ஹனோயில் இருக்கின்றன. அன்று இந்த மாளிகைக்குள் காத்திருந்து சரணடைந்தவர், இரண்டு நாளுக்கு முன் குடியரசுத் தலைவரான தூவாங் வான் மின். 1963இல் தியெமைக் கவிழ்க்க தியூவை ஏவிய அதே மின்.

நேரம் மிஞ்சினால், பத்து நிமிட நடையில் உள்ள பழைய கியா லாங் மாளிகைக்கும் போய்வாருங்கள். இப்போது அது நகர அருங்காட்சியகம். தியூவின் வீரர்கள் சுட்டது அந்தச் சுவர்களை நோக்கித்தான். எதிர்த்திசையில், ட்ருவாங் தின் தெருவில், சைகோனுக்கு வந்து குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வேண்டிக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்து நிற்கும் வியட்நாமியப் பெண்களை அங்கே மாலை வேளையில் காணலாம்.